எட்டுக்குள் இருந்த ஏழு

எட்டு என்ற எண்ணின் மேல் வளையத்துக்குள் ஒரு மெல்லிய சாய்கோடு. வளையத்தின் தலைக்கு மேலே, இரண்டு பக்கமும் லேசாகத் துருத்திக்கொண்டு, ஒரு படுக்கைக் கோட்டின் நுனிகள். அவ்வளவுதான். லென்ஸை எடுத்துவிட்டால் எதுவும் தெரியாது. தேய்ந்த பழைய வெள்ளி டாலர் நாணயத்தில் 1908 என்ற வருஷம் மட்டும் இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அதை ஒரு பக்கமாகச் சாய்த்தபோது அந்தக் கோடு எழுந்து வந்தது. மறுபக்கம் சாய்த்தபோது மறைந்தது. என் அண்ணன் முப்பது வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தது அந்தக் கோட்டைத்தான். நான் அதைப் பார்த்த காலையில் அவர் எனக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். அவரால் பார்க்க முடியவில்லை.

அண்ணன் கால்நடை மருத்துவர். மன்னார்குடிக்குத் தெற்கே, வாய்க்கால்கள் பிரிந்து பிரிந்து போகும் ஊர்களில்தான் அவருடைய வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்டு பசு தவிக்கிறது என்று ஆள் வந்தால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுப்பார். வேலை முடிந்து, கை கழுவி, அந்த வீட்டார் கொடுக்கும் காப்பியை வாங்கிக்கொண்ட பிறகுதான் கேட்பார்: "வீட்ல பழைய வெள்ளி ஏதாச்சும் இருக்கா? சும்மா பார்க்கத்தான்."

அநேகமாக இருக்கும். அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா தோட்டங்களுக்குப் போனவர்கள் நிறையப் பேர். திரும்பி வந்தவர்கள் இடுப்பு முடிச்சில் கொண்டுவந்தவை அந்த டாலர்கள். அங்கே டாலருக்கு வெள்ளி என்றுதான் பெயர். இங்கேயும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. ஒரு பக்கம் சீன எழுத்தும் மலாய் எழுத்தும். மறுபக்கம் தலைக்கவசம் அணிந்த ஒரு பெண், ஒரு கையில் கேடயம், இன்னொரு கையில் சூலம், பின்னால் கடலில் ஒரு கப்பல். ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக்கு அடையாளமாக வைத்துக்கொண்ட பெண் அவள். ஆனால் சூலத்தோடு நிற்கிற ஒருத்தியை எங்கள் ஊர்க்காரர்கள் வேறு யாராக நினைப்பார்கள்? எத்தனையோ வீடுகளில் அவள் மாரியம்மனாக சாமி மாடத்தில் இருந்தாள். மஞ்சளும் குங்குமமும் ஏறிக் கறுத்துப் போயிருப்பாள். அண்ணன் அனுமதி கேட்டுக்கொண்டு வருஷம் இருக்கும் இடத்தை மட்டும் வேட்டி நுனியால் துடைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். சாமி மாடத்தில் இருப்பதை விலைக்குக் கேட்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அலமாரியிலோ அரிசிப் பானையிலோ கிடப்பதைக் கேட்பார், கொடுத்தால் வாங்குவார்.

அவர் அப்படி எதைத் தேடுகிறார் என்பது வெகுகாலம் எனக்குப் புரியவில்லை. ஒருநாள் அண்ணிதான் சலித்துக்கொண்டே விளக்கினார். நாணயம் அடிக்கிற எஃகு அச்சை வருஷா வருஷம் புதிதாகச் செய்ய வேண்டும். பழைய அச்சு நன்றாகவே இருந்தால், அதை வீணாக்காமல், கடைசி எண்ணின் மேலேயே புது எண்ணை வைத்து அடித்துவிடுவார்களாம். ஏழின் மேல் எட்டு. மூன்றின் மேல் நான்கு. அடியில் இருந்த எண் முழுதாக அழியாது. அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு நாணயத்திலும் அது நிழல்போல விழும். கையிலும் பையிலும் புழங்கித் தேய்ந்த பிறகு, எண்ணின் ஓரப் பள்ளத்தில் மட்டும் அந்த நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வெள்ளிக்கு எடைக்கு மேல் ஏதோ கொஞ்சம் கிடைக்கும். நிழல் உள்ளதற்குச் சேகரிப்பவர்கள் பல மடங்கு கொடுப்பார்கள். "இதுக்காகத்தான் பாப்பா, உங்கண்ணன் ஞாயித்துக்கிழமையும் ஜன்னலோரமாவே குந்தியிருக்காரு" என்றார் அண்ணி. அவர் குரலில் சலிப்பைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

நான்கின் அடியில் மூன்று உள்ள ஒரு டாலர் அண்ணனுக்குக் கிடைத்தது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஓர் இடிந்த வீட்டைப் பிரித்தவர்களிடம் வாங்கியது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து யாரிடமும் பேசாமல் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், பிறகு அண்ணியைக் கூப்பிட்டு அவர் கண்ணில் லென்ஸை வைத்துப் பிடித்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அண்ணி "ஆமாங்க, ஏதோ தெரியுது" என்றார். அண்ணன் சிரித்த சிரிப்பு அதற்குப் பிறகு அந்த வீட்டில் பலமுறை கேட்டதில்லை. எட்டின் அடியில் ஏழு மட்டும் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அண்ணி போன பிறகு, நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். எனக்கும் வேறு யாரும் இல்லை. அண்ணன் மகன் மெல்போர்னில் இருந்தான். அப்போதே அண்ணனுக்குச் சர்க்கரை கண்ணுக்குப் போயிருந்தது. தஞ்சாவூரில் லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஓரங்களில் பார்வை இருந்தது, நடுவில்தான் போய்விட்டது. தெருவில் நடப்பார், வாசல்படி தெரியும், எதிரே வருகிற ஆளின் சட்டை தெரியும். எதை நேராகப் பார்க்கிறாரோ அது மட்டும் மறைந்துவிடும். "முகத்தைப் பார்த்தா காது தெரியுது பாப்பா, முகம் தெரியல" என்று ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை. குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டுகொண்டு, "என்னப்பா, நாத்து விட்டாச்சா?" என்று அவரே முந்திக்கொண்டு விசாரிப்பார். வெளியில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று அவர் நினைத்தார். நானும், வந்துபோகும் மகனும் அதற்கு ஒத்துழைத்தோம்.

அந்த நாட்களில் அவர் அங்கங்கே வாங்கிய நான்கு வெள்ளிகளில் எட்டின் அடியில் ஏழு இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தார். மகன் விடுமுறையில் வந்தபோது அவற்றை அவன் முன்னால் வரிசையாக வைத்தார். "எட்டுக்குள்ள பாரு தம்பி. ஒரு கோடு தெரியுதா?" அவன் ஒவ்வொன்றாக எடுத்து லென்ஸில் பார்த்தான். அப்பாவின் முகத்தையும் பார்த்தான். "தெரியுதுப்பா. நல்லாவே தெரியுது" என்றான். அன்று இரவு அண்ணன் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். மகன் ஊருக்குப் போனதும் அந்த நான்கையும் சென்னையில் இருக்கும் பழைய நாணய வியாபாரிக்கு அனுப்பினார். அவர் அண்ணனுக்குப் பல வருஷப் பழக்கம், மரியாதையான மனிதர். சில நாளில் நான்கும் திரும்பி வந்தன. "நாலுமே சாதாரணம்தான். இன்னொரு தடவை நல்ல வெளிச்சத்துல பாருங்க டாக்டர்" என்று போனில் சொன்னார்.

மகனிடம் அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னிடம் மட்டும், "அவனுக்கு நல்ல மனசு" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்களில் யாரையும் நம்பவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியில் வந்த எண்ணை நான் படித்துச் சொன்னால், "நெஜமாவா?" என்பார். சற்று நேரம் கழித்து, தெருவில் போகிற மருந்துக்கடைப் பையனைக் கூப்பிட்டு அதையே காட்டுவார். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூடச் சந்தேகம்தான். மனிதர்கள் தன்னிடம் அன்பாகப் பேசும்போதெல்லாம் எதையோ மறைக்கிறார்கள் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. பாதி சமயம் அது உண்மையாகவும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஓர் அம்மாள் வந்தார். பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். அவருடைய தாத்தா பண்ணையில் வேலை செய்தவர், பிறகு மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இன்று அவர்களுக்குச் சொந்தமாகச் சில மா நிலம் இருக்கிறது. மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர்கள் வீட்டுக் கறவை மாட்டை முன்பு ஒரு தடவை அண்ணன் சாவிலிருந்து மீட்டிருக்கிறார். அந்த நன்றியிலும் நம்பிக்கையிலும் வந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளியை எடுத்துக் கொடுத்தார்.

"பேத்திக்குக் காலுக்கு ஏதாச்சும் பண்ணிப் போடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஐயா ஒரு தடவை பாத்துட்டா தேவலைன்னு மக சொன்னா. நீங்க இதுல தேர்ந்தவருன்னு எல்லாருக்கும் தெரியுமே."

அண்ணன் வாங்கினார். லென்ஸை எடுத்தார். ஜன்னலோரமாகத் திரும்பி, எப்போதும்போலச் சாய்த்து, நிமிர்த்தி, மறுபடி சாய்த்தார். முப்பது வருஷப் பழக்கத்தில் ஓர் அசைவும் பிசகவில்லை. அந்த அம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அண்ணன், ஏதோ இரண்டாவது கருத்துக் கேட்பதுபோல, "நீயும் பாரு பாப்பா" என்று என்னிடம் நீட்டினார்.

நான் பார்த்தது அப்போதுதான். முதலில் அழுக்கு என்று நினைத்தேன். தீக்குச்சி முனையால் மெதுவாக வருடினேன். போகவில்லை. சாய்த்தேன். மேல் வளையத்துக்குள் கோடு. தலைக்கு மேலே இரண்டு நுனி.

"அண்ணே, ஏழு இருக்கு."

"எங்க?"

சொன்னேன். கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, நுனி எந்தப் பக்கம் நீளம் என்று விவரமாகச் சொன்னேன். அவர் முகம் ஒரு நொடி மலர்ந்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. "தம்பி பாத்த ஏழு மாதிரியா?" என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"இல்லண்ணே. நெஜமாவே இருக்கு."

அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "சாதாரண வெள்ளிதாம்மா. நல்ல வெள்ளி. எடைக்கு என்ன கிடைக்குமோ அதான். தாராளமாப் பேத்திக்குச் செஞ்சு போடுங்க" என்றார்.

"அண்ணே" என்றேன்.

"பாப்பா." அந்த ஒரு சொல்லில் இருந்த கோபத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கி முடிந்துகொள்ளப் போனவரிடம், ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டு, ஜன்னல் கட்டையில் வைத்து என் போனில் எடுத்தேன். வாசல்வரை கூடவே போய், "எதுக்கும் ஒரு வாரம் பொறுத்துக்குங்க. சென்னைல ஒருத்தரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். தலையாட்டினார். ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டே, "டாக்டரய்யாவே சொல்லிட்டாருல்லம்மா" என்றார். மினிபஸ் வந்துவிட்டது.

படத்தை வியாபாரிக்கு அனுப்பினேன். அவர் வெளியூரில் இருந்திருக்கிறார், பதில் வரவில்லை. அண்ணனும் நானும் அந்த வாரம் முழுவதும் தேவைக்கு மட்டும்தான் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு மத்தியானம் அண்ணன் போன் அடித்தது. அவர் எல்லாப் பேச்சையும் ஸ்பீக்கரில் வைத்துத்தான் கேட்பார். வியாபாரியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"டாக்டர், தங்கச்சி அனுப்பின படத்தை இப்பத்தான் பெருசு பண்ணிப் பாத்தேன். எட்டுக்குள்ள ஏழு, சந்தேகமே இல்ல. இவ்வளவு தெளிவா நான் பாத்ததே கொஞ்சம்தான். யார்கிட்ட இருக்கு? விட்டுடாதீங்க."

அண்ணன் போனைக் கீழே வைத்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. "அப்ப நீ சொன்னது நெஜம்" என்றார். நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன். "ஆட்டோவைக் கூப்பிடு" என்றார்.

தாளடி நடவு நடந்துகொண்டிருந்த சமயம். வழியெல்லாம் வயலில் தண்ணீர் நின்றது. அண்ணன் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு வாசலில் நாங்கள் இறங்கும்போதே உள்ளே இருந்து ஒரு சின்னக் குழந்தை ஓடிவந்தது. அதன் காலில் புதுக் கொலுசு. அண்ணனுக்கு அது தெரிந்திருக்காது, சத்தம் கேட்டது. அவர் படியில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டார்.

அந்த அம்மாள் சந்தோஷமாக நாற்காலி எடுத்துப் போட்டார். "ஐயா வீடு தேடி வந்துட்டீங்களே. பத்தர்கிட்டப் போட்டு மாத்திக்கிட்டு வந்துட்டோம். இந்தம்மா பொறுக்கச் சொன்னாங்கதான். ஆனா ஐயா வாயால சொன்னப்புறம் என்ன யோசனைன்னு மகளும் சொன்னா." பத்தர் அதற்குள் அதை மற்ற பழைய வெள்ளியோடு சேர்த்து உருக்கியிருந்தார். பிற்பாடு நான் கடைக்கே போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

நான் அண்ணனைப் பார்த்தேன். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அந்த அம்மாளுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. குழந்தையின் கொலுசைக் கேட்டு நாளும் மகிழ்ந்திருப்பார். அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். அது சாதாரண வெள்ளி இல்லை என்பதையும், தங்கை சொன்னதைத் தான் நம்பவில்லை என்பதையும், அது என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதையும்கூட மறைக்காமல் சொன்னார். கடைசியில், "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. ரொம்ப நாளாவே தெரியாது. அன்னிக்குப் பாத்த மாதிரி நடிச்சேன்" என்றார்.

அந்த அம்மாள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அதன் காலைத் தன் கையால் மூடிக்கொண்டார், சத்தம் வராமல். பிறகு சொன்னார்:

"கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா. நாங்க வேற யார்கிட்டயாவது காட்டியிருப்பமே."

கத்தவில்லை, திட்டவில்லை. அழவும் இல்லை. அண்ணன் கைகூப்பினார். அவர் எவர் முன்னாலும் அப்படிக் கைகூப்பி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அவர் அலமாரியைத் திறந்து, நான்கின் அடியில் மூன்று உள்ள அந்த வெள்ளியை எடுத்துத் தரச் சொன்னார். அண்ணியின் கண்ணில் லென்ஸை வைத்துக் காட்டிய அதே வெள்ளி. கட்டைவிரலால் அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "இதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா. இதை உருக்கக்கூடாதுன்னு சொல்லு. சென்னைக்காரர் நம்பரையும் கொடு" என்றார். அந்த அம்மாள் முதலில் வாங்கத் தயங்கினார். அவருடைய மகள் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. அண்ணனிடம் வந்து சொன்னேன். "நல்லது" என்றார்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும், வந்தவர் வாயைத் திறக்குமுன் அண்ணன் சொல்லிவிடுவார்: "எனக்குக் கண்ணு தெரியாதுங்க. தங்கச்சி பாத்துச் சொல்லுவா." முதல் சில தடவை சொல்லும்போது அவர் கை நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருக்கும். தெருவில் பாதிப் பேருக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்று போகப் போகத் தெரியவந்தது. அவர்களும் இவருக்காகத் தெரியாததுபோல இருந்திருக்கிறார்கள். அதைக் கேட்டு அவர் சிரித்தார்.

சிறுநீரகமும் கெட்டு, டயாலிசிஸுக்குப் போய்வர ஆரம்பித்தபோது மகன் வந்தான். விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தான். அண்ணன் அவன் கையைத் தேடிப் பிடித்து, "எப்படி இருக்கேன் தம்பி?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினான்.

"நல்லா இல்லப்பா. ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்க. எனக்குப் பயமா இருக்கு."

அண்ணன் அந்தக் கையை இழுத்துத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். "ம்" என்றார். பிறகு இருவரும் நெடுநேரம் எதெதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். பல வருஷமாக அந்த வீட்டில் கேட்காத அளவு பேச்சு அன்று கேட்டது. அடுத்த மாதம் அண்ணன் போய்விட்டார்.

இன்னும் எப்போதாவது யாராவது ஒரு வெள்ளியோடு வருகிறார்கள். டாக்டர் இல்லை என்று தெரிந்தும் வருகிறார்கள். நான் அதே ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கிறேன். எட்டு பெரும்பாலும் வெறும் எட்டாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே சொல்கிறேன். நிச்சயமாகத் தெரியாவிட்டால், எனக்குத் தெரியவில்லை, வேறு யாரிடமாவது காட்டுங்கள் என்கிறேன். வந்தவர்களின் முகம் வாடுவது எனக்கு நன்றாகத் தெரிகிறது. இன்னொரு தடவை பாருங்கள் என்று கேட்பார்களோ என்று, அவர்கள் வெள்ளியைத் துணியில் சுற்றி முடிந்துகொண்டு கிளம்பும்வரை நான் லென்ஸைக் கீழே வைப்பதில்லை.